சிறுவர்க்குத் தரவளவை கற்பித்தல்: எல்லைப்புறப் பள்ளிகளை முன்னிட்டு ஒரு கருத்து

திருவிதாங்கூர் நாணயம் செலாவணியில் இருந்த காலத்தில், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளில் 'ரூபாய்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு மதிப்புகள் வழங்கிவந்தன. சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம்; பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம், அதாவது 28 சக்கரமும் 8 காசும். வேறுபாடு அரைச் சக்கரமே. ஒரு ரூபாய்க்குச் சரக்கு வாங்குபவர் அதனைப் பொருட்படுத்தாது விடலாம். பதினாயிரம் ரூபாய்க்குப் பத்திரம் எழுதுபவர் எந்த ரூபாய் என்று குறிக்கத் தவறினால், ஐயாயிரம் சக்கரம் வழக்கில் சிக்கிக்கொள்ளும்.

இன்று அப்பகுதிச் சிறுவர் கையில் சக்கரமும் இல்லை, காசும் இல்லை, பென்டிரைவ் இருக்கிறது. அதன் உறையில் '32 ஜி.பி.' என்று அச்சிட்டிருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகளில் வழங்கப்பெற்ற மடிக்கணினிகள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குகின்றன. அவற்றில் செருகினால் ஏறக்குறைய 32 என்றே காட்டும். அதே பென்டிரைவைச் சிறுவன் களியக்காவிளையில் உள்ள மாமன் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறான் என்று கொள்வோம். 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய திட்டத்தின்கீழ் மாமன் மகள் பெற்ற மடிக்கணினி அங்கே இருக்கக்கூடும். அதில் விண்டோஸ் இயங்குதளத்தைத் திறந்து செருகினால் 29.8 என்ற அளவில்தான் காட்டும். எல்லையைக் கடந்ததும் இரண்டு ஜி.பி. எங்கே போயிற்று? விற்றவர் ஏமாற்றினாரா? பென்டிரைவ் பழுதாயிற்றா? இக்கேள்விக்கு விடை கூற இயலாத தரவளவைப் பாடம் நிறைவான பாடம் ஆகாது என்பது என் கருத்து.

விடை கடினமானதன்று. உறையில் அச்சிட்டவர் ஜிகாபைட் என்பதை நூறு கோடி பைட் என்று கொண்டார். லினக்ஸ் கோப்பு மேலாளரும் அவ்வாறே கொண்டது. விண்டோஸோ 1024-ஐ மும்முறை பெருக்கி, 107,37,41,824 பைட்டை ஒரு ஜி.பி. என்று கொண்டது. பைட்டுகள் ஒன்றேனும் குறையவில்லை. அளந்த படிதான் வேறு. கிலோ அளவில் இவ்வேறுபாடு நூற்றுக்கு 2.4, ஜிகா அளவில் 7.4, டெரா அளவில் ஏறத்தாழப் பத்து. அளவு பெருகப் பெருகப் பிசகும் பெருகுகின்றது.

1024 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்பதையும் ஆசிரியர் விளக்கவேண்டும். நினைவகத்தில் உள்ள அறைகளுக்கு முகவரி கொடுப்பவை கம்பிகள். ஒரு கம்பியில் மின்னழுத்தம் உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகளால் இரண்டு அறைகளைச் சுட்டலாம். இரண்டு கம்பிகளால் நான்கு. மூன்று கம்பிகளால் எட்டு. கம்பி ஒன்று கூடுந்தோறும் அறைகள் இரட்டிக்கின்றன. பத்துக் கம்பிகளில் 1024 அறைகள் ஆகின்றன. அது ஆயிரத்தை அடுத்து நிற்பதால், பொறியியலார் வசதி கருதி அதனையும் 'கிலோ' என்றே அழைத்தனர். இக்குழப்பத்தைத் தீர்க்க, பன்னாட்டு மின்தொழில்நுட்பக் கழகம் 1998-ஆம் ஆண்டு திசம்பரில் 1024-இன் வரிசைக்குக் கிபி, மெபி, ஜிபி என்று தனிப் பெயர்களை ஏற்றது. கிலோ, மெகா, ஜிகா என்பன ஆயிரத்தின் வரிசைக்கே உரியன என்றும் தெளிவாயிற்று. ஆயினும் கடைத்தெருவில் இப்பெயர்கள் இன்னும் பரவவில்லை. 'கிபி' என்றால் ஏசுநாதர் பிறந்த பின்னைய ஆண்டுக் கணக்கு என்றும், 'ஜிபி' என்றால் 'ஜி.பி.' என்னும் பழைய சுருக்கமே என்றும் தமிழ்ப் பிள்ளைகள் எண்ணக்கூடும் என்பதை மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன்.

கேரளத்தில் 2001-ஆம் ஆண்டளவில் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2017-ஆம் ஆண்டில் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் குழுக்கள் உயர்நிலைப் பள்ளிகளில் அமைந்தன. தகவல் தொழில்நுட்பப் பாடநூல்கள் மலையாளத்தோடு ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய மொழிகளிலும் கிடைக்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தபொழுது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இரு மொழிகளுக்கு இடையே வளர்கின்றனர். அவர்களுக்குக் கருவி இருக்கிறது, நூல் இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது. ஆயினும் பல வகுப்பறைகளில், எல்லைக்கு இருபுறமும், தரவளவைப் பாடம் ஒரு வாய்பாட்டோடு தொடங்கி அவ்வாய்பாட்டோடு முடிந்துவிடுகின்றது: எட்டுப் பிட் ஒரு பைட், 1024 பைட் ஒரு கிலோபைட், 1024 கிலோபைட் ஒரு மெகாபைட். பிள்ளைகள் ஒப்பித்துவிடுகின்றனர். ஒரு பைட்டையேனும் அவர்கள் கண்ணால் கண்டதில்லை.

லிட்டரைக் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் குவளையைக் காட்டுகிறார். கிராமைக் கற்பிப்பவர் தராசைக் கொண்டுவருகிறார். பைட்டுக்கு மட்டும் ஏன் ஒன்றையும் காட்டாது விடவேண்டும்? அதற்குரிய உபகரணம் விலையுயர்ந்ததன்று; புளியங்கொட்டை போதும். தாயம் ஆடுவதற்குப் புளியங்கொட்டையை ஒரு புறம் தேய்த்து வெண்மையாக்கும் வழக்கத்தைப் பிள்ளைகள் வீட்டில் கண்டிருப்பர். அவ்வாறு தேய்த்த கொட்டை ஒன்று ஒரு பிட் ஆகும். வெள்ளை மேலே நின்றால் 1. கறுப்பு மேலே நின்றால் 0. எட்டுக் கொட்டைகளை வரிசையாக வைத்தால் அது ஒரு பைட். ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ' என்பதைக் கணிப்பொறி 01000001 என்று வைக்கின்றது. இதனைப் பிள்ளையே தரையில் அடுக்கிவிடலாம்.

இங்கே பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கொட்டைக்கு இரண்டு நிலை எனின், எட்டுக் கொட்டைக்குப் பதினாறு நிலை என்று கூட்டிவிடுவர். அவர்களைத் திருத்தவேண்டா, அடுக்கச் சொல்லவேண்டும். இரண்டு கொட்டையில் நான்கு கோலம், மூன்றில் எட்டு, நான்கில் பதினாறு என்று அவர்களே எண்ணிக் கண்டபின், எட்டில் 256 என்று சொன்னால் நம்புவர். இடத்தின் அளவு வேறு, அவ்விடத்தில் அமையக்கூடிய கோலங்களின் எண்ணிக்கை வேறு என்னும் இவ்வொரு கருத்துக்காக ஒரு பாடவேளை முழுவதையும் செலவிட்டாலும் வீணன்று.

இரட்டிக்கும் கணக்கு நம் நாட்டார்க்குப் புதிதும் அன்று. பழைய முகத்தலளவை வாய்பாட்டில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு; இரண்டு உழக்கு ஓர் உரி; இரண்டு உரி ஒரு நாழி. ஆகவே நாழிக்கு எட்டு ஆழாக்கு. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. தூணிக்கு 256 ஆழாக்கு ஆகின்றது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்னும் பின்னங்களும் பாதி பாதியாகவே இறங்குகின்றன. இதைக் கொண்டு நம் முன்னோர் கணிப்பொறியை அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்க இடமில்லை. பகிர்வதற்குப் பாதியாக்குதல் எளிது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர், அவ்வளவே. கேரளப் பக்கத்து அளவையில் நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை என்று இரண்டின் வரிசையும் பத்தின் வரிசையும் கலந்து நிற்கின்றன. நாற்பது வயதைக் கடந்த ஆசிரியர்கள் '1.44 எம்.பி.' என்ற நெகிழ்தட்டை நினைவுகூரலாம். அந்த எம்.பி. ஆயிரத்தை 1024-ஆல் பெருக்கிய அளவு. பறையைப் போன்ற கலப்புதான்.

பைட் கண்ணுக்குப் புலப்பட்ட பிறகு, பிள்ளை தன் ஊர்ப் பெயரை அளந்து பார்க்கட்டும். கணிப்பொறியின் எழுதுகருவியில் 'பாறசாலை' என்று ஒருங்குறியில் தட்டச்சிட்டுச் சேமிக்கவேண்டும். கண்ணுக்கு அது நான்கெழுத்து. கணிப்பொறியோ பகரம், ஆகாரக் குறி, றகரம், சகரம், மீண்டும் ஆகாரக் குறி, லகரம், ஐகாரக் குறி என ஏழு குறியெண்களாகக் கொள்கின்றது. இணையத்தில் பெரும்பான்மை வழக்கான யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆகவே 21 பைட். ஆங்கிலத்தில் ஒன்பதெழுத்து, எழுத்துக்கு ஒரு பைட் வீதம் ஒன்பதே பைட். மலையாளத்தில் எழுதினால் எட்டுக் குறியெண், 24 பைட். 'நெய்யாற்றின்கரை' தமிழில் எட்டெழுத்து, 15 குறியெண், 45 பைட். ஆங்கிலத்தில் 13 பைட். ககரம் ஒன்றை மட்டும் அடுக்க 24 புளியங்கொட்டை வேண்டும்: 11100000, 10101110, 10010101. 'நெய்யாற்றின்கரை' முழுவதையும் அடுக்க 360 கொட்டை வேண்டும்; வகுப்பு முழுவதும் கூடித் தரையில் அடுக்கத்தக்க வேலை.

கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தால் 21-க்குப் பதில் 22 என்று காணக்கூடும். ஆசிரியர் திகைக்கவேண்டா. வரி முடிந்தது என்பதைக் குறிக்கும் கண்ணுக்குத் தெரியாத பைட் ஒன்றைச் சில எழுதுகருவிகள் தாமே இறுதியில் சேர்த்துவிடுகின்றன. சேமிப்பகத்தில் பிடிக்கும் இடத்தைப் பார்த்தால் 4096 பைட் என்று காணவும் கூடும். இடத்தைக் கட்டம் கட்டமாகவே ஒதுக்குவதால் நேர்வது அது. ஒரு படி நெல்லானாலும் ஒரு சாக்கு ஒதுக்குவதைப் போன்றது என்று சொன்னால் பிள்ளைக்கு விளங்கும்.

தமிழுக்கு ஏன் அதிக இடம் என்று பிள்ளைகள் கேட்பர், கேட்கவேண்டும். ஆங்கில எழுத்துக்களுக்குச் சிறிய எண்கள் முதலிலேயே கிடைத்துவிட்டன. உலக மொழிகளையெல்லாம் ஒரே பட்டியலில் அமைத்தபொழுது பிற எழுத்துக்கள் பெரிய எண்களைப் பெற்றன. இதன் விளைவு அன்றாட வாழ்விலும் உண்டு. கைபேசிக் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 140 பைட், அதாவது 1120 பிட், இடம் உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் வீதம் 160 எழுத்து அடங்கும். தமிழ்க் குறியெண்ணுக்கு அங்கே 16 பிட். ஆகவே 70 மட்டுமே அடங்கும். 'நெய்யாற்றின்கரை' என்பதை இடைவெளி விட்டு நான்கு முறை எழுதலாம். ஐந்தாம் முறை எழுதினால் செய்தி இரண்டாகப் பிரியும். பொதுச் சுகாதார அறிவிப்பையோ, பயிர்ப் பாதுகாப்புக் குறிப்பையோ தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்பும் களப் பணியாளர் இக்கணக்கை அறிந்திருத்தல் நலம். செலவு இருமடங்காவதன் காரணம் அப்பொழுது புலப்படும்.

இதனால் தமிழ் பளுவான மொழி என்ற எண்ணம் பிள்ளை மனத்தில் தங்கிவிடலாகாது. அறிவிப்பைத் தட்டச்சிடாமல் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பும் பழக்கம் நம் அலுவலகங்களில் மிகுந்துவிட்டது. கைபேசிப் படம் ஒன்று மூன்று மெகாபைட் என்று கொண்டால், அவ்விடத்தில் 'நெய்யாற்றின்கரை' என்பதை 66,666 முறை எழுதலாம். பளு எழுத்தில் இல்லை. எழுத்தைப் படமாக்கிய நம் சோம்பலில் இருக்கிறது. படத்திற்குள் உள்ள சொல்லைத் தேடி எடுப்பதும் எளிதன்று.

அடுத்து, மொழிபெயர்ப்பாளரும் பாடநூல் எழுதுவோரும் பொறுப்பேற்கவேண்டிய ஒரு குறையைச் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் பிட்டைச் சிறிய 'பி' எழுத்தாலும், பைட்டைப் பெரிய 'பி' எழுத்தாலும் சுருக்கி எழுதுவர். தமிழ் எழுத்தில் சிறியது, பெரியது என்ற வேறுபாடே இல்லை. மெகாபிட்டும் 'எம்.பி.', மெகாபைட்டும் 'எம்.பி.', நாடாளுமன்ற உறுப்பினரும் 'எம்.பி.' என்று ஆகிவிடுகின்றது. ஒன்றுக்கும் மற்றதற்கும் எட்டு மடங்கு வேறுபாடு, உறுப்பினரை விட்டுவிடுவோம். யானே என் தொடக்க காலத்தில் ஒரு குறிப்பைப் பெயர்க்கையில் இவ்வாறு பிழை செய்து, அச்சேறிய பிறகு கண்டு வருந்தியதுண்டு. தமிழ் நூல்களில் இச்சுருக்கங்களை அறவே நீக்கி, மெகாபிட், மெகாபைட் என்று முழுச் சொல்லாகவே எழுதவேண்டும் என்பது என் துணிபு. பிட், பைட் என்பவற்றுக்குத் தூய தமிழ்ச் சொல் ஆக்கித் தரவேண்டும் என்று கேட்போரும் உளர். மீட்டரையும் கிராமையும் லிட்டரையும் பெயர்க்காமல் ஏற்றுக்கொண்ட நாம், இவற்றையும் அவ்வாறே ஏற்பதில் இழுக்கில்லை. தரவு, நினைவகம், சேமிப்பகம் என்னும் சொற்கள் நிலைபெற்றுவிட்டன. அளவையின் பெயரை உலகோடு ஒத்து வைத்துக்கொள்ளலாம்.

எட்டு மடங்கு வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2023-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கேரள அரசின் கே-ஃபோன் உட்பட, இணைப்பு வழங்குவோர் வேகத்தைப் பிட்டில் கூறுகின்றனர். கோப்பின் பருமனோ பைட்டில் காட்டப்படுகின்றது. நொடிக்கு 20 மெகாபிட் என்றால் நொடிக்கு இரண்டரை மெகாபைட் என்று அறியாதவர், இணைப்பு பழுது என்று முறையிடுவர்.

2020 ஜூன் 1-ஆம் நாள் முதல் பள்ளிகள் அடைபட்டிருந்த காலத்தில் விக்டர்ஸ் அலைவரிசையில் 'ஃபஸ்ட் பெல்' வகுப்புகள் நடந்ததை ஆசிரியர்கள் மறந்திரார். தொலைக்காட்சி இல்லாத வீட்டில் கைபேசியே பள்ளி. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிகாபைட் என்று கட்டணம் செலுத்திய தந்தை, பிள்ளை எத்தனை பாடம் பார்க்கலாம் என்று கேட்டால் யார் விடை கூறுவது? ஒளிக்காட்சி நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் வருகின்றது என்று கொள்வோம். அரைமணி நேரப் பாடத்துக்கு 1800 மெகாபிட். எட்டால் வகுத்தால் 225 மெகாபைட். ஒன்றரை ஜிகாபைட்டில் ஆறு பாடம் பார்த்து 150 மெகாபைட் மீதியும் இருக்கும். பிட்டைப் பைட்டென்று பிறழக் கொண்டவருக்கோ ஒரு பாடத்துக்கே போதாது என்று தோன்றும். அவர் தேவையில்லாமல் பெரிய கட்டணத்தைச் செலுத்துவார், அல்லது பிள்ளையின் கையிலிருந்து கைபேசியை வாங்கி வைத்துவிடுவார். ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் அறிந்த பிள்ளை செய்யத்தக்க கணக்கு இது. வீட்டில் அதனைச் செய்து காட்டக்கூடியவர் பெரும்பாலும் அப்பிள்ளை ஒருவரே.

இவ்வளவுக்கும் நேரம் ஏது, தேர்வில் வாய்பாடுதானே கேட்கின்றனர் என்று ஆசிரியர்கள் கூறுவதில் நியாயம் உண்டு. தேர்வுத்தாள் எழுதுவோர் பக்கத்தில்தான் பிழை. 'ஒரு கிலோபைட்டில் எத்தனை பைட்?' என்று வெறுமனே கேட்டு, 1000 என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் மறுப்பது அறிவியலுக்கும் பொருந்தாது, 1998 முதல் உள்ள பன்னாட்டு வழக்குக்கும் பொருந்தாது. கிலோ என்பதற்குப் பிள்ளை அரிசிக் கடையில் கற்ற பொருளையே இங்கும் முதலில் கற்பிக்கலாம். 1024-ஐக் கொள்ளும் கருவிகளும் உள்ளன என்பதைப் பென்டிரைவைச் செருகிக் காட்டலாம். கேள்வியில் எந்தக் கிலோ என்று குறித்துவிடலாம். நம் நாட்டில் 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் புதிய பைசா வந்தபொழுது, ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா என்று இரட்டித்து எண்ணிப் பழகிய மக்கள், நூறு பைசாவையும் உடன் வைத்துக்கொண்டு கடைக்குச் சென்றனர். அடுத்த ஆண்டு அக்டோபரில் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வரத் தொடங்கின. இரண்டையும் சில ஆண்டுகள் அருகருகே வைத்து எண்ணியே மக்கள் பழகினர்.

மலையாளம் பயிலும் பிள்ளைகளும் தமிழ் பயிலும் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமரும் பள்ளிகளில் மற்றொரு சோதனையும் செய்யலாம். 'நெய்யாற்றின்கரை' என்பதன் மலையாள வடிவில் இடையே வரும் னகர மெய்யை மலையாளத்தார் சில்லெழுத்து என்பர். 2008-ஆம் ஆண்டின் ஒருங்குறிப் பதிப்பில் அதற்குத் தனிக் குறியெண் கிடைத்தது. அதற்கு முந்தைய முறையில் நகரம், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி என்று மூன்று குறியெண்களைச் சேர்த்து அதனை எழுதினர். பழைய கோப்புகளில் இன்றும் அவ்வாறே காணலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முன்னதன் அளவு 39 பைட். பின்னதன் அளவு 45. தமிழ்ப் பிள்ளை கோப்பின் பண்புகளைத் திறந்து எண்ணைப் படிக்கட்டும். காரணத்தை அவனுக்கு மலையாளப் பிள்ளை எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டட்டும்.